பதினேழாம் நம்பர் கொடி

முப்பத்தெட்டுக் குழி. சக்கரபாணி இரண்டு தடவை எண்ணிப் பார்த்துவிட்டார். இருபத்தொன்பது வருஷம் டவுன் பஸ்ஸில் தலை எண்ணிய கண்டக்டர். எண்ணிக்கையில் அவருக்குத் தப்பு வராது.

"முப்பத்தெட்டு ஃபுல் டிக்கெட் மேடம். ஒரு பாசஞ்சர்கூட உயிரோட எறங்கல."

செண்பகம் ஒரு குழியின் ஓரத்தில் குந்தி, மண்ணை விரலால் கிளறிக்கொண்டிருந்தாள். முன்பு இன்சூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய்க் க்ளெய்ம்களைப் பிடித்துக் கொடுத்தவள். நாலு வருஷமாகத் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு எதிரில், ஜெராக்ஸ் கடை மாடியில், சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ் நடத்துகிறாள். வருகிறவர்களில் பாதிப் பேர் மாப்பிள்ளை குடிப்பானா என்று விசாரிக்கச் சொல்கிறவர்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற சக்கரபாணி அவளுக்கு உதவியாள், டிரைவர், வாய்.

கூட்டேரிப்பட்டுக்கு மேற்கே, ஏரிக்கரையை ஒட்டின நாலு ஏக்கர் புதர்க்காடு அது. காரை, சூரை, கள்ளி, அவற்றின் மேல் பின்னிக் கிடக்கும் நூறு வகைக் கொடிகள். குழிகளுக்கு மேலே ஏழெட்டுப் பட்டாம்பூச்சிகள் சுற்றின. கறுப்பு றெக்கை, ரத்தச் சிவப்பில் உடம்பு. ஒன்று தாழ இறங்கி ஒரு இலையைக் காலால் தட்டியது. எழும்பியது. அடுத்த இலையைத் தட்டியது. மறுபடி எழும்பியது.

"முட்ட வெக்க எடம் தேடுது," என்றாள் கெங்கம்மாள். "காலாலதான் ருசி பாக்கும். ஈஸ்வரமூலி எலையா இருந்தாத்தான் வெக்கும். அதோட புழு வேற எதையும் தின்னாது. மூணு நாளா இப்படித்தான் அலையுதுங்க. பாக்க முடியலம்மா."

கெங்கம்மாள் கூலி வேலைக்குப் போகிறவள். காலனியில் கடைசி வீடு அவளுடையது, அதற்கப்புறம் காடுதான். அஞ்சு வருஷமாக இந்தக் காட்டுக்கு அவள்தான் காவல். வட்டாரத்தில் இந்தப் பட்டாம்பூச்சி மிச்சமிருப்பது இங்கே மட்டும் என்று விழுப்புரத்திலிருந்து வருகிற வாத்தியார் ஒருவர் சொல்லிவிட்டுப் போனதிலிருந்து, விறகுக்கு வருகிறவனைக்கூட உள்ளே விடமாட்டாள்.

நிலம் தன்னுடையது என்கிறான் மணிமாறன். பிளாட் போட்டு விற்கிறவன். ஈஸ்வரமூலிக் கொடி இருக்கும்வரை காட்டில் கை வைக்கக் கூடாது என்று வாத்தியார் மனு போட்டு இடைக்காலத் தடை வாங்கியிருந்தார். இப்போது கொடி இல்லை, அது இருந்த இடங்களில் குழிதான். வாடின கொடிகள் ஒரு சாக்கில் கெங்கம்மாள் வீட்டுப் பின்னால் கிடந்தன. கண்டுபிடித்தவர்கள் மணிமாறனின் ஆட்கள். நாட்டு மருந்துக் கடைக்கு விற்க அவள்தான் தோண்டினாள் என்று புகார். மூன்று மணிக்குத் திண்டிவனத்தில் விசாரணை. அதில் கையெழுத்து விழுந்தால் அவள் மேல் கேஸ், காட்டுக்குள் ஜேசிபி. ஜேசிபி ஏற்கெனவே ரோட்டோரம் வந்து நின்றுவிட்டது. டிரைவர் அதன் நிழலில் படுத்து செல்போனில் சிரித்துக்கொண்டிருந்தான்.

"தோண்டின அன்னிக்கு நீ எங்கம்மா இருந்த?" செண்பகம் கேட்டாள்.

"சனி, ஞாயிறு ரெண்டு நாளும் ஒலக்கூருக்குக் கழனி வேலைக்கு, மல்லாட்டை புடுங்கப் போய்ட்டேன். ஒரே வண்டில இருபத்திரண்டு பொம்பளைங்க. அல்லாரையும் இட்டுக்கினு போய் சொன்னேன். அந்த ஆபீசரு, உங்க ஆளுங்களே உங்களுக்குச் சாட்சியான்னு கேட்டாரு."

சக்கரபாணிக்குக் காது சுட்டது. "மணிமாறனுக்கு மணிமாறன் ஆளுங்க சாட்சி சொன்னா மட்டும் செல்லுமாமா?"

"அத நான் கேக்கலண்ணா. கேட்டா அதுக்கும் ஒரு கேஸ் போடுவாங்க."

பாழுங்கிணறு ஒன்றின் மேட்டில் கடைசிக் குழி இருந்தது. கெங்கம்மாள் அதனுள் கையை விட்டு, அறுந்து கிடந்த ஒரு துண்டை எடுத்தாள். ஒட்டியிருந்த நாலு இலையைக் கசக்கி முகர்ந்தாள். முகம் மாறியது.

"இது ஈஸ்வரமூலி இல்ல. சிறுகுறிஞ்சான். இத எதுக்கு நோண்டினான்?"

"நிச்சயமா?"

"மென்னு பாருங்க. தித்திப்பு செத்துப்பூடும்."

செண்பகம் சக்கரபாணியைப் பார்த்தாள்.

"புரியுது. விஷமா இல்லியான்னு பாக்கறதுக்கு எப்பவும் நான்தான்," என்று அவர் இரண்டு இலையை வாயில் போட்டு மென்றார்.

கூட்டேரிப்பட்டு முனையில் டீ சொன்னார்கள். சக்கரபாணி ஒரு வாய் குடித்துவிட்டு கிளாஸைத் தட்டென்று வைத்தார். "இன்னாபா மாஸ்டர், சக்கரை வெல ஏறிப்போச்சா?"

மாஸ்டர் ஒரு ஸ்பூன் போட்டார். இன்னொரு ஸ்பூன் போட்டார். மூன்றாவதுக்கு டப்பாவையே நீட்டினார். "நீயே கொட்டிக்கபா. காலைல வந்துட்ட பேஜாரு பண்றதுக்கு."

சக்கரபாணி டப்பாவிலிருந்து ஒரு சிட்டிகையை எடுத்து நாக்கில் வைத்தார். ஏரி மணல்.

"கெங்கம்மா சொன்னது கரெக்ட்," என்றாள் செண்பகம். அன்றைக்கு முதல் தடவையாக அவள் முகத்தில் ஒரு வெளிச்சம். "இப்ப யோசிங்கண்ணே. கெங்கம்மாவுக்கு அந்தக் கொடி கண்ண கட்டிவிட்டாலும் தெரியும். அவங்க தோண்டியிருந்தா சிறுகுறிஞ்சானத் தொட்டிருப்பாங்களா?"

"மாட்டாங்க. தோண்டினவனுக்குக் கொடி தெரியாது."

"தெரியாதவன் நூறு கொடிக்கு நடுவுல முப்பத்தேழ மட்டும் எப்படி சரியாப் புடுங்கினான்?"

சக்கரபாணி யோசித்தார். தெரியாத ஊரில் இறங்குகிறவன் என்ன செய்வான்? "கைல அட்ரஸ் இருந்திருக்கு. அதுல ஒரு அட்ரஸ் தப்பு."

"வண்டிய எடுங்க. விழுப்புரம்."

பள்ளிக்கூடத்தில் சாப்பாட்டு மணி அடித்திருந்தது. ஜெகதீசன் வாத்தியார் கேட்டுக்கு உள்பக்கமாகவே நின்று பேசினார். சட்டைப்பையில் மூன்று பேனா, கண்ணுக்குக் கீழே தூங்காத கறுப்பு.

"நான் விசாரணைக்கு வர முடியாதுங்க. மனு போட்டதுக்கே மெமோ குடுத்திருக்காங்க. லீவு கேட்டேன், சிரிச்சாங்க."

"பட்டியல் ஒண்ணு போட்டீங்களா சார்? எந்தக் கொடி எங்க இருக்குன்னு?"

வாத்தியார் பையிலிருந்து இரண்டு தாள்களை எடுத்தார். ஒவ்வொரு கொடிக்கும் ஒரு நம்பர், இடம், செல்போனில் போட்டால் நேராகக் கொண்டுபோய் விடும் எண்கள். முதல் தாளில் முப்பத்தெட்டு. இரண்டாவதில் முப்பத்தேழு.

"மொதல் பட்டியல்ல பதினேழாம் நம்பர் என் தப்பு. கோடைல பாத்தேன், எல கொட்டிக் காம்பு மட்டும் இருந்துது. மழைக்கு அப்புறம் தழைச்சதும்தான் அது சிறுகுறிஞ்சான்னு தெரிஞ்சுது. அத எடுத்துட்டு, நம்பரெல்லாம் மாத்தி, புதுப் பட்டியல் போட்டேன். அதுக்கப்புறம் எல்லாருக்கும் அனுப்பினது புதுசுதான்."

"பழசு யார்கிட்ட இருக்கு?"

"மனுவோட போனது பழசு. ரெண்டு காப்பி. ஒண்ணு ஆபீஸ் ஃபைலுக்கு. ஒண்ணு எதிர்பார்ட்டிக்கு. அவங்களுக்கும் ஒரு காப்பி வெச்சாத்தான் மனுவையே வாங்குவாங்க. ஆபீசே ரிஜிஸ்தர் தபால்ல அனுப்பிடும்."

சக்கரபாணி தலையில் கை வைத்தார். "கோழிங்க எந்தெந்தக் கூண்டுல குந்தியிருக்குன்னு நரிக்கு ரிஜிஸ்தர் தபால். ஸ்டாம்பு வேற நம்ம செலவா?"

வாத்தியார் சிரிக்கவில்லை. "எவ்ளோ துல்லியமா எழுதறனோ அவ்ளோ பாதுகாப்புன்னு நெனச்சேங்க. ஒரு கொடி விடாம எழுதினேன்." மணி அடித்தது. உள்ளே போய்விட்டார்.

திண்டிவனம் திரும்பும் வழியெல்லாம் சக்கரபாணி ஆக்ஸிலரேட்டரில் கோபத்தைக் காட்டினார். ஒரு லாரிக்காரன் திட்டினான். இவரும் திட்டினார். மனசு ஆறவில்லை.

"ஈசி கேஸ் மேடம். தபால வாங்கினது மணிமாறன். தோண்டினது மணிமாறன்."

"ஈசியா இருந்தா எனக்கு பயமா இருக்கும்ண்ணே," என்றாள் செண்பகம் பின்னாலிருந்து.

விசாரணை அறையில் ஃபேன் சத்தம் அதிகம், காற்று கம்மி. விசாரணை அதிகாரி கலைப்பிரியா இந்தப் பதவிக்கு வந்து ஒரு மாசம்தான் ஆகிறது. முகத்தில் எதையும் காட்டாமல் இருப்பதற்கு இன்னும் பழகிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஃபைல்களோடு ஆனந்தராஜ் நின்றான். காட்டை நேரில் பார்த்து அறிக்கை கொடுத்தவன். இருபத்திரண்டு பெண்களிடம் அந்தக் கேள்வியைக் கேட்டவன். மணிமாறனுக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். கெங்கம்மாளுக்குச் சுவர்.

செண்பகம் எழுந்து சிறுகுறிஞ்சான் கதையைச் சொன்னாள். இரண்டு பட்டியலையும் மேசையில் வைத்தாள். "தோண்டினவங்க கையில பழைய பட்டியல் இருந்திருக்கு மேடம். அதோட ஒரு காப்பி இவருக்கு அனுப்பப்பட்டிருக்கு."

மணிமாறன் மெல்லச் சிரித்தான். "எனக்கு எந்தக் காப்பியும் வரலீங்களே. மனுவுல இன்னா எழுதியிருக்குன்னே எனக்குத் தெரியாது. இருந்தாலும் அதிகாரி கூப்ட்டாங்களேன்னு மரியாதைக்கு வந்திருக்கேன்."

"அனுப்பினோமா?" என்றாள் கலைப்பிரியா.

ஆனந்தராஜ் ஃபைலிலிருந்து ஒரு பழுப்பு உறையை எடுத்து நீட்டினான். ரிஜிஸ்தர் தபால். மேலே போஸ்ட்மேன் கையெழுத்தில், 'வாங்க மறுத்தார், திருப்பி அனுப்பப்படுகிறது.' நாலு பக்கமும் ஒட்டு. ஒரு மூலைகூடப் பிரியவில்லை.

சக்கரபாணி உறையை உற்றுப் பார்த்தார். மணிமாறன் மாதிரி ஆட்கள் எல்லாரும் செய்கிற வேலைதான் இது. ஆபீஸ் தபால் வந்தால் தொடுவதில்லை. தொட்டால்தானே தெரியும், தெரிந்தால்தானே பதில் சொல்ல வேண்டும். வழக்கம்போலத் திருப்பி அனுப்பியிருக்கிறான். அந்த ஒட்டுப் பிரியாத உறை இப்போது அவனைக் காப்பாற்றிக்கொண்டு மேசை மேல் கிடந்தது.

"அப்போ இவர் பட்டியலப் பாக்கவே இல்ல," என்றாள் கலைப்பிரியா. பேனாவின் மூடியைக் கழற்றினாள்.

"ஆமா மேடம். பாத்திருக்க வழியே இல்ல. அத அப்படியே பதிவு பண்ணிக்கோங்க," என்றாள் செண்பகம்.

சக்கரபாணி அவளை முறைத்தார். இவள் யார் பக்கம்?

கலைப்பிரியா எழுதினாள். மணிமாறன் காலை நீட்டி உட்கார்ந்தான்.

"ஒரே ஒரு சந்தேகம் சார்," செண்பகம் அவன் பக்கம் திரும்பினாள். கடைக்காரரிடம் சில்லறை கேட்கிற குரல். "கெங்கம்மா காட்டையே காலி பண்ணிட்டாங்கன்னு புகார் குடுத்திருக்கீங்க. ஆனா பதினேழாம் நம்பர் கொடிய மட்டும் தொடாம விட்டிருக்காங்களே. அது ஏன் சார்?"

"யாரு சொன்னது?" மணிமாறனுக்குப் பொறுக்கவில்லை. "கேணி மோட்டுல இருந்ததுதானே? அதையும் வேரோட நோண்டி எடுத்துட்டா. போய்ப் பாருங்க, குழி இருக்கும்."

கலைப்பிரியா எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்தாள்.

"கேணி மோடு," என்றாள் செண்பகம். "காட்டுல கொடிக்கு நம்பர் கட்டி வெக்கல சார். நம்பர் காகிதத்துலதான் இருக்கு. புதுப் பட்டியல்ல பதினேழு ஏரிக்கரைப் பக்கம். அதுல கேணியே கெடையாது. பதினேழு கேணி மோடுன்னு எழுதியிருக்கிற காகிதம் இந்த உறைக்குள்ள இருக்கு. நீங்க வாங்கல. பாக்கல. இப்பதான் மேடம் அத எழுதிக்கினாங்க."

கலைப்பிரியா உறையைக் கிழித்தாள். தாளை விரித்து, விரலால் வரிகளைத் தடவிக்கொண்டே போய் ஓரிடத்தில் நிறுத்தினாள். வாய்விட்டுப் படித்தாள். "பதினேழு. கேணி மேடு, தென்கிழக்கு மூலை."

மணிமாறன் வாயைத் திறந்து மூடினான். அவன் கண் மட்டும் அரை நொடி, அதிகாரியைத் தாண்டி ஆனந்தராஜ் பக்கம் போய்விட்டுத் திரும்பியது.

அறையில் இருந்த எல்லாரும் அதைப் பார்த்தார்கள்.

"இன்னொரு காப்பி ஆபீஸ் ஃபைல்ல இருந்தது," என்றாள் கலைப்பிரியா, திரும்பாமலே. "ஃபைல் உங்ககிட்ட இருந்தது. செல்போன மேசை மேல வைங்க ஆனந்தராஜ்."

"மேடம், அது வந்து, இன்ஸ்பெக்‌ஷனுக்கு வழி கேக்கறதுக்காகத்தான் சாருக்கு ஒரு போட்டோ..."

"மேசை மேல வைங்க."

சக்கரபாணிக்கு எழுந்து விசில் அடிக்க வேண்டும் போலிருந்தது. அதற்குள் கலைப்பிரியா அடுத்த தாளை எடுத்தாள். கெங்கம்மாள் மேலிருந்த புகாரின் குறுக்கே கோடு போட்டாள். பிறகு பேனாவைக் கீழே வைத்தாள்.

"புகார் பொய். அத எழுதிட்டேன். இவங்க ரெண்டு பேர் மேலயும் நடவடிக்கைக்கும் எழுதறேன். ஆனா தடை?" அவள் செண்பகத்தைப் பார்த்தாள். "கொடி இருக்கற வரைக்கும்தான் தடை. முப்பத்தெட்டும் போச்சு. யார் புடுங்கினாலும் போச்சு. இல்லாத கொடிக்கு நான் எப்படித் தடையப் போடறது?"

செண்பகம் மேசை மேலிருந்த இரண்டு பட்டியலையும் மறுபடி புரட்டினாள். நாலு வருஷத்தில் அவள் வாயடைத்து நின்று சக்கரபாணி பார்த்ததில்லை. மணிமாறனின் முகத்தில் ரத்தம் திரும்பியது. கேஸ் நடக்கட்டும், பத்து வருஷம் நடக்கும். நாளைக் காலையில் காடு இருக்காது. அவன் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்தான். இவ்வளவுக்கு அப்புறமும் சாய்வதற்கு அவனுக்கு ஒரு நாற்காலி இருந்தது. சக்கரபாணிக்குக் கை பரபரத்தது. ஓடுகிற பஸ்ஸிலிருந்து சில பேரைப் பிடித்துத் தள்ளத் தோன்றும், அந்தப் பரபரப்பு.

"இருக்குது," என்றாள் கெங்கம்மாள் சுவரிலிருந்து.

எல்லாரும் திரும்பினார்கள்.

"கொடி இருக்குது. உயிரோட."

கலைப்பிரியா பேனாவை எடுத்தாள். "எங்கம்மா? எத்தன?"

"சொல்ல மாட்டேன்."

"என்னம்மா இது, உனக்காகத்தானே கேக்கறேன்."

"தெரியுது மேடம். ஆனா சொல்ல மாட்டேன்." கெங்கம்மாளின் குரல் உயரவில்லை. "வாத்தியாருகிட்டகூட அந்தாண்டப் பக்கம் காட்டல. நல்ல மனுசன்தான். ஆனா எதப் பாத்தாலும் ஒடனே நோட்ட எடுத்துடுவாரு. அவுரு எழுதினது முப்பத்தெட்டு. முப்பத்தெட்டும் செத்துது. எழுதாதது மட்டுந்தான் இருக்குது. இப்ப நீங்க எழுதுவீங்க. இவன் ஃபைல்ல வெப்பான். அவனுக்கும் ஒரு காப்பி போவும். என்ன ஜெயில்ல போட்டாலும் சொல்லக் கூடாதுன்னுதான் இத்தன நாளு வாயத் தெறக்கல."

சக்கரபாணி அவளைப் பார்த்தார். கொடி இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், காட்டையே காலி பண்ணினாள் என்ற புகாராவது பொய்யாகியிருக்கும். மூன்று நாளாகத் திருடி என்ற பட்டத்தோடு இவள் அதை அடக்கிக்கொண்டு நின்றிருக்கிறாள்.

"எழுதாம தடை போட முடியாதும்மா," என்றாள் கலைப்பிரியா.

"அப்போ வந்து பாருங்க. உங்க கண்ணால பாத்துட்டு, இருக்குதுன்னு மட்டும் எழுதுங்க. போன் வாணாம். பேப்பர் வாணாம். நீங்க ஒருத்தர் மட்டும்."

"மேடம், அப்படியெல்லாம் விதில எடமில்ல," என்று ஆரம்பித்தான் ஆனந்தராஜ்.

கலைப்பிரியா அவனை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு எழுந்து, மேசைக்கடியில் செருப்பைத் தேடினாள்.

ஐந்து மணிக்கு ஜீப் ஏரிக்கரையில் நின்றது. கலைப்பிரியா தன் போனை சக்கரபாணியிடம் கொடுத்தாள். செண்பகமும் கூடவே இரண்டு எட்டு வைத்தாள்.

"நீங்களும் வாணாம்மா," என்றாள் கெங்கம்மாள். "கோச்சிக்காதீங்க."

செண்பகம் நின்றாள். "துப்பறியறவளுக்கே நோ என்ட்ரி," என்றார் சக்கரபாணி. அவளுக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் கண் கலங்கியிருந்தது.

முக்கால் மணி நேரம். ஜேசிபி டிரைவர் எழுந்து, வண்டியை எடுக்கவா வேண்டாமா என்று யார் யாருக்கோ போன் போட்டுப் பார்த்தான். யாரும் எடுக்கவில்லை.

திரும்பி வரும்போது கலைப்பிரியாவின் துப்பட்டா முழுக்க முள். ஒரு கையில் ரத்தக் கீறல். முகத்தில் எதையும் காட்டாமல் இருப்பதை அவள் உள்ளே எங்கேயோ விட்டுவிட்டு வந்திருந்தாள். ஜீப் பானெட்டின் மேல் தாளை வைத்து எழுதினாள். கையெழுத்துப் போட்டாள். முத்திரை குத்தினாள்.

கெங்கம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. "ண்ணா, படிங்க," என்றாள் சக்கரபாணியிடம்.

அவர் படித்தார். "இன்று மாலை நேரில் பார்வையிட்டதில், ஈஸ்வரமூலிக் கொடிகள் உயிருடன் இருப்பதும், அவற்றில் பட்டாம்பூச்சி முட்டையிடுவதும் கண்டேன். தடை நீடிக்கிறது. மேற்படி கொடிகள் ஏரி மதகுக்கு வடக்கே..."

அவர் நிறுத்தினார்.

கெங்கம்மாள் அதிகாரியைப் பார்த்தாள். கோபமாகத்தான் பார்த்தாள்.

"பழக்கத்துல எழுதிட்டேன்," என்றாள் கலைப்பிரியா.

"அடிங்க."

கலைப்பிரியா அந்த வரியின் மேல் ஒரு கோடு போட்டாள். கெங்கம்மாள் நகரவில்லை. தாளை எட்டிப் பார்த்துக்கொண்டே நின்றாள். கலைப்பிரியா மறுபடி அடித்தாள், இன்னும் அழுத்தி. எழுத்து ஒன்றுகூடத் தெரியாமல், தாள் கிழிந்து அடியிலிருக்கும் தகரம் தெரிகிறவரை அடித்தாள்.